கருப்புச் சட்டத்துக்குள் யின்மெய்

தாவ் யின்மெய் இதுவரை பத்தொன்பது முறை செத்திருக்கிறாள். அதில் பதினொரு முறை மேக்கப் போட்டு அனுப்பி வைத்தவள் நான். விஷம் குடித்துச் செத்தாள், ஆற்றில் விழுந்து செத்தாள், மகன் போருக்குப் போன துக்கத்தில் செத்தாள், மருமகள் கொடுமையில் செத்தாள். ஒருமுறை வெறும் தும்மலில் செத்தாள். அந்தக் கதாசிரியனை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஹெங்தியன் படப்பிடிப்பு நகரத்தில் வேலை பார்க்கிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் செத்து நடித்தாலும், செத்தவரின் போட்டோவாகச் சுவரில் தொங்கினாலும், கம்பெனி சிவப்பு உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். பீடை ஒட்டாமல் இருப்பதற்காக. அந்தப் பணம் வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வரக் கூடாது, அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். அதனால் யின்மெய் செத்த நாளெல்லாம் எனக்கு விருந்துதான். காய்ந்த கடுகுக்கீரையும் பன்றிக்கறியும் வைத்துச் சுட்ட ரொட்டி ஆளுக்கு நாலு, மேலே சூடாக அரிசி மது.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. என்னைவிட மூன்று வயது பெரியவள் என்பதால் அக்கா. பதினான்கு வயதில் மாவட்ட நாடகக் குழுவில் சேர்ந்தாள். எங்கள் பக்கத்து யுவே நாடகத்தில் ஆண் வேஷமும் பெண்கள்தான் கட்டுவார்கள். சதுர முகம், தடித்த புருவம், அகன்ற நெற்றி. பார்த்தவுடனே, "இவ ஆம்பளைக்குத்தான் சரி" என்று ஒதுக்கிவிட்டார்கள். வேறொரு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். இவளோ காதல் கவிஞனாகவும் இளவரசனாகவும் இருபது வருஷம் மேடையில் விசிறியைச் சுழற்றினாள். தேயிலை ஆலைப் பெண்கள் அவளுக்கு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார்கள். அவள் கணவர் ஜியாங் பஸ் ஓட்டுபவர். முதலில் அவளை மேடையில் பார்த்தபோது, 'இந்தப் பயல் என்ன இவ்வளவு அழகாக இருக்கிறான்' என்று பொறாமைப்பட்டாராம். வேஷத்தைக் கலைத்த பிறகு விஷயம் தெரிந்ததும் ஒரு வாரம் அதே ஊருக்கே பஸ் ஓட்டியிருக்கிறார்.

குழுவில் சம்பளம் பாதியானபோது அவளுக்கு முப்பத்தைந்து வயது. ஒப்பாரி வைக்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹெங்தியனுக்கு வந்தாள். முதல் இரண்டு வருஷம் போர்க்களத்தில் பிணமாகக் கிடந்தாள். பிறகு வாய் திறக்கிற பிணமானாள், பிறகு கல்யாணத் தரகர், சத்திரக்காரி, இளவரசியின் ஆயா, எண்ணி மாளாத அம்மாக்கள். வேலை இல்லாத மாதமே கிடையாது. ஆனால் ஒன்றுதான் குறை. தொடரின் தொடக்கத்தில் வரும் பெயர்களில் அவள் பெயர் வந்ததே இல்லை. கடைசியில், எல்லோரும் எழுந்து போன பிறகு, எலி ஓடுகிற வேகத்தில் ஓடும்.

போன வசந்தத்தில் அந்தக் குறையும் தீர வழி பிறந்தது. டைரக்டர் பாங், டோஃபு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஒரு விதவையின் கதையை எடுக்க வந்தார். விதவையாக யின்மெய். ஒன்பது எபிசோட் உயிரோடு இருப்பாள், பெயர் தொடக்கத்திலேயே வரும், மூன்றாவதாக. மகளாக நடிப்பவள் சோங் வெய்ரான், பெரிய நட்சத்திரம். இரண்டு வாரம் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வசனம் படித்துப் பழகினார்கள். யின்மெய் அந்த வசனத் தாள்களை வீட்டில் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கியதாக ஜியாங் என்னிடம் சொன்னார்.

படப்பிடிப்பு தொடங்கிய திங்கட்கிழமை, மேக்கப் அறைக்குத் தயாரிப்பாளர் நியே அம்மா வந்தார். நான் யின்மெய்யின் விக்கை அளவு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யின்மெய் டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க," என்றார்.

எங்கள் தொழிலில் எல்லோருமே டீச்சர்தான், ஒருவரும் பாடம் நடத்துவதில்லை. 'தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஒருவர் ஆரம்பித்தால் தப்பாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

"ஷாங்ஹாய்ல நமக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. நெத்தியில நாலு ஊசி, கண்ணோரம் ரெண்டு ரெண்டு. காலையில போனா சாயங்காலம் வந்துடலாம். செலவு எங்களோடது."

"எனக்கு என்ன நோவு?"

"நோவெல்லாம் இல்ல. சுருக்கம்தான். வெய்ரான் டீச்சர் உங்க பொண்ணா நடிக்கிறாங்க. அம்மா இவ்ளோ வயசானவளா தெரிஞ்சா, அப்போ பொண்ணுக்கு என்ன வயசுன்னு ஜனங்க விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. அவங்க ஆபீஸ்ல கவலைப்படறாங்க."

"அவளுக்கும் எனக்கும் பதினஞ்சு வயசுதான் வித்தியாசம். இன்னும் கொறச்சீங்கன்னா ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒண்ணா போகணும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நியே அம்மா சிரிக்கவில்லை. கெட்டவர் அல்ல அவர். ஆனால் மூன்று போன்களை வைத்துக்கொண்டு மூன்றிலும் திட்டு வாங்குகிறவருக்குச் சிரிக்க நேரம் ஏது?

"வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்து. அதுக்குள்ள ஊசி போட்டாகணும். இல்லேன்னா இந்த வேஷத்துக்கு இன்னொருத்தங்க ரெடியா இருக்காங்க. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, டீச்சர்."

"புதன்கிழமை இழவு வீட்டு சீன் எடுக்கறீங்களே? அதுல என் படம்தானே தொங்குது?" என்று நான் குறுக்கே கேட்டேன். 'அக்கா படம்' என்பதற்குப் பதில் 'என் படம்' என்று வாய் தவறி வந்துவிட்டது, கோபத்தில். விதவையின் வீடாகக் காட்ட வாடகைக்கு எடுத்த பழைய வீடு அந்த வாரம் மட்டுமே கிடைத்திருந்ததால் விதவையின் சாவைத்தான் முதலில் எடுப்பதாக இருந்தது. அதற்கு அம்மா தேவையில்லை, அம்மாவின் போட்டோ போதும்.

"ஆள் மாறினா படத்தையும் அப்புறம் கம்ப்யூட்டர்ல மாத்திக்கலாம்," என்று சொல்லிவிட்டு நியே அம்மா போனார்.

மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி நான் மனசில் பட்டதைச் சொன்னேன். "போட்டுக்கோ அக்கா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். நானே வருஷா வருஷம் போட்டுக்கறேன்."

"தெரியுமே. உன் நெத்தி பீங்கான் தட்டு மாதிரி இருக்கு. நீ கோவமா இருக்கியா, தூக்கத்துல இருக்கியான்னே தெரியல."

அது உண்மைதான். முதல்முறை போட்டுக்கொண்டபோது நான் சண்டை போடுகிறேன் என்பதே என் வீட்டுக்காரருக்கு மூன்று மாதம் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தார்.

"வெளையாடாத அக்கா. பேரு முன்னாடி வருது. முப்பத்தொம்பது வருஷம் கழிச்சு வருது. நாலு ஊசிக்காக விட்டுடுவியா?"

அவள் சோற்றைக் கிளறினாள். "ஆசையா இருக்குடி, ஜுவான்," என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பேரு ஓடறப்ப ஜியாங் டிவிய நிறுத்தி போட்டோ புடிச்சு வெக்கப்போறாரு, இப்பவே சொல்லிட்டாரு. ஆனா அந்தப் பேருக்குக் கீழ என் மூஞ்சி இருக்கணும் இல்ல?"

"அதே மூஞ்சிதான். கொஞ்சம் வழவழன்னு."

"மேடையில என் மூஞ்சி மேல ஒரு விரக்கடை பவுடர் இருக்கும். ஊரே அழகுன்னுச்சு. எதப் பாத்து சொன்னாங்க? பவுடர் எல்லாருக்கும் ஒரே பவுடர்தான். நான் நின்ன நிப்பு, திரும்பின திருப்பு, விசிறிக்கு மேல பாத்த பார்வை, அதுக்குச் சொன்னாங்க. அழகுங்கறது பண்றது, வெச்சுக்கிட்டு இருக்கறது இல்ல." சூப்பை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள். "தர்பூசணி வெதை மாதிரி மொகம், இலை மாதிரி புருவம்னு நம்ம ஆளுங்க ஆயிரம் வருஷமா பாடறாங்க. பாடட்டும். பாடினவன் யாரோ ஒருத்தியப் பாத்து மயங்கிப் பாடியிருப்பான். இவங்க அந்தப் பாட்ட அச்சு மாதிரி வெச்சு ஆளுங்கள வார்க்கறாங்க. போன வாரம் ஒரு செட்டுல மூணு இளவரசிங்க. எவ என் பொண்ணுன்னு தெரியாம தப்பானவளக் கட்டிப் புடிச்சு அழுதேன்."

"சரி, கோடு மட்டும்..."

"இந்தக் கோடு எப்படி வந்துச்சுன்னு நெனக்கிற? பொணமா வெயில்ல கெடந்தப்ப வந்தது. கண்ண மூடினாலும் வெளிச்சம் உள்ள வரும், நெத்தி சுருங்கும். ஒவ்வொரு கோடும் எனக்குச் சம்பளம் வாங்கிக் குடுத்த கோடு. அத நான் அழிக்க மாட்டேன்."

"அப்போ வேஷம் போயிடும்."

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்குல்ல," என்று சொல்லி என் பெட்டியிலிருந்த பன்றிக்கறித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

புதன்கிழமை. பழைய வீட்டின் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி, மேசைமேல் பழமும் ஊதுபத்தியும் வைத்து, நடுவில் கருப்புச் சட்டத்தில் அம்மாவின் படத்தை நிறுத்தியிருந்தார்கள். படத்தைத் தயார் செய்தவர் செட் பொருள்களுக்குப் பொறுப்பான கே என்பவர். பேரன் எடுத்த மனிதர், ஆனால் புதுப் போன் வாங்கிய நாளிலிருந்து யாரைப் படம் எடுத்தாலும் வழவழப்பாக்கித்தான் விடுவார். அவர் வீட்டு நாய்கூட அந்தப் போனில் பொம்மை மாதிரி இருக்கும். யின்மெய்யின் படத்தையும் அப்படியே தேய்த்து எடுத்திருந்தார். கோடு இல்லை, மச்சம் இல்லை, தாடை இல்லை. வேகவைத்த மாவு உருண்டையில் இரண்டு கண்ணை ஒட்டியது போல இருந்தது.

"எப்படி? இருபது வயசு கொறச்சுட்டேன்," என்றார் என்னிடம், முகமெல்லாம் பூரிப்பாக.

"செத்தவளுக்கு வயசக் கொறச்சு என்ன பண்ணப்போறீங்க? கல்யாணமா?" என்று கேட்டேன். அவருக்கு உறைக்கவில்லை.

முதல் ஷாட், மகள் படத்தின் முன் மண்டியிட்டு அழுவது. கேமரா மேசைக்குப் பக்கத்திலிருந்து வெய்ரானின் முகத்தைப் பார்க்கிறது. டைரக்டர் பாங் மானிட்டரில் கண்ணாக இருந்ததால் படத்தைக் கவனிக்கவில்லை. வெய்ரான் மண்டியிட்டாள், நிமிர்ந்து பார்த்தாள், கண் வறண்டு கிடந்தது. இரண்டாவது டேக், மூன்றாவது டேக். நான் ஓடிப்போய்க் கண்ணுக்குக் கீழே கற்பூரக் குச்சியைத் தடவினேன். தண்ணீர் கொட்டியது, அழுகை வரவில்லை. ஏழாவது டேக்கில் அவளே எழுந்து நின்றாள்.

"டைரக்டர், இது யாரு?"

"உன் அம்மா. வேற யாரு?"

"எங்கம்மாவுக்கு நெத்தியில மூணு கோடு இருக்கு. 'டோஃபு வித்துட்டு நேரா வீட்டுக்கு வா'ன்னு சொல்றப்பல்லாம் நடுக்கோடு மட்டும் மேல ஏறும். ரெண்டு வாரமா அதப் பாத்துப் பாத்து, இன்னிக்கு அத நெனச்சு அழலாம்னு வந்தேன். இது ஷாம்பு விக்கிற பொம்பள. இவ செத்தா எனக்கென்ன?"

கேயின் முகத்தில் ஈயாடவில்லை. என் வாய் எப்போதுமே என் பேச்சைக் கேட்காது. "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நெஜ மூஞ்சியும் இப்படித்தான் இருக்கும். பழகிக்கோங்க," என்றேன் சத்தமாக.

நியே அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். ஆனால் அவர் நிதானமாகத்தான் பேசினார். "எல்லாரும் டயர்டா இருக்கோம். படத்த விட்டுடுங்க, அது பார்வைக்குச் சுத்தமா இருக்கு. வெய்ரான் டீச்சர் வேற எதையாவது நெனச்சு அழட்டும்."

அப்போதுதான் வாசல் பக்கம் சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம் கேட்டது. உடை அளவு கொடுக்க வந்த யின்மெய், நிலைப்படிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையிலிருந்த தோலை உதறிவிட்டு உள்ளே காலை வைத்தாள்.

"உள்ள வராதீங்க!" என்று விளக்கு வேலை செய்யும் பெரியவர் ஃபாங் அலறினார். உயிரோடு இருப்பவர் தன் இழவுப் படத்தின் முன் வரக் கூடாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சிவப்பு உறை கொடுத்தாலும் தீராத பீடை அது. இரண்டு பேர் நிஜமாகவே பின்னால் நகர்ந்தார்கள்.

"பத்தொம்போது தடவ செத்தவளுக்கு என்ன பீடை ஒட்டப்போகுது?" என்று கேட்டபடியே அவள் மேசைக்குப் பின்னால் போனாள். சட்டத்தைத் திருப்பி, பின்பக்க ஆணிகளைப் பிரித்து, கண்ணாடியையும் அந்த மாவு உருண்டையையும் உருவிக் கேயின் கையில் கொடுத்தாள். வெற்றுச் சட்டத்தைத் திரும்ப நிறுத்தினாள். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள். கருப்புச் சட்டத்துக்குள் அவள் முகம்.

"கேமரா அவள மட்டும்தானே பாக்குது, டைரக்டர்? நான் படமா இருக்கேன். எடுங்க."

டைரக்டர் பாங் தலையைச் சொறிந்தார். "எடுக்கலாம்," என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாங் கையைத் தூக்கினார். கூடம் அமைதியானது. வெய்ரான் மண்டியிட்டு, தலையை மூன்று முறை தரையில் வைத்து, நிமிர்ந்தாள்.

யின்மெய் இமைக்கவில்லை. மேடையில் ஒரு முழுப் பாட்டுக்கும் இமைக்காமல் நின்றவள் அவள். மூச்சுகூடத் தெரியவில்லை. உண்மையிலேயே படம்தான் என்று தோன்றியது. நான் அவள் முகத்துக்கு எத்தனையோ முறை சாவு போட்டிருக்கிறேன், உதட்டில் வெளுப்பு, கண்ணடியில் நீலம். அன்று ஒன்றும் போடவில்லை. சூரியகாந்தி விதை தின்ற வெறும் முகம்.

பிறகு அந்த நடுக்கோடு ஏறியது. ஒரு நூல் அளவுதான். வித்துட்டு நேரா வீட்டுக்கு வா.

வெய்ரான் உடைந்தாள். அழகாக அழுவதற்குப் பயிற்சி எடுத்த நட்சத்திரம் அவள், ஒரு கண்ணில் ஒரு துளி மட்டும் விடத் தெரிந்தவள். அன்று மூக்கு ஒழுக, வாய் கோணி, "அம்மா, வந்துட்டேன், நேரா வந்துட்டேன்" என்று கதறினாள். அது வசனத்தில் இல்லை. ஃபாங் பெரியவர் விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். நியே அம்மா மானிட்டரைப் பார்க்கவில்லை. மூன்று போனும் ஒன்றன்பின் ஒன்றாக அதிர, சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்," என்றார் பாங். செத்து நடித்தவர் முடிந்ததும் சிரித்துவிட வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். யின்மெய் சட்டத்துக்குள்ளிருந்தே பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். முன்பல்லில் விதைத் தோல் ஒட்டியிருந்தது.

நியே அம்மா மேசையருகே வந்தார். "அந்தக் கோடு," என்று தன் நெற்றியையே தொட்டுக் காட்டினார். "வேணும்னுதான் ஏத்தினீங்களா?"

"ஊசி போட்டிருந்தா ஏறியிருக்காது."

"புரியுது. ஷாங்ஹாய் வேணாம். நான் அவங்க ஆபீஸ்ல பேசிக்கறேன்."

"கம்ப்யூட்டர்ல தேய்க்கவும் கூடாது."

"அதெல்லாம் ஒப்பந்தத்துல எழுத முடியாது, டீச்சர்."

"உங்க பேனாவுக்கு முடியலேன்னா என் பேனா எழுதும்."

வெள்ளிக்கிழமை அப்படியே எழுதினாள். கையெழுத்துக்கு மேலே, கோணல்மாணலாக, 'முகம் உள்ளது உள்ளபடி' என்று. நியே அம்மா பெருமூச்சு விட்டுப் பக்கத்திலேயே கம்பெனி முத்திரையைக் குத்தினார்.

ஆனால் விருந்து புதன்கிழமை சாயங்காலமே நடந்தது. அவள் சண்டை போட்டு இரண்டு சிவப்பு உறை வாங்கினாள். "படமாவும் செத்தேன், ஆளாவும் செத்தேன்" என்று வாதாடினாள். ரொட்டிக் கடை அடுப்பின் முன் உட்கார்ந்திருந்தோம். ஃபாங் பெரியவரும் கூட வந்திருந்தார். பிற்பகலில் கே தலையைக் குனிந்துகொண்டு அவளைப் புதிதாக ஒரு படம் எடுத்திருந்தார், தேய்க்காமல். மீதி ஷாட்களில் அதுதான் தொங்கியது. படப்பிடிப்பு முடிந்ததும் அப்படிப்பட்ட படத்தை எரித்துவிட வேண்டும். பெரியவர் அதற்காகவே தீப்பெட்டியோடு வந்திருந்தார்.

"குடுங்க, எரிச்சுடலாம். வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது."

அவள் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு ரொட்டித் தூளைத் துடைத்தாள். "எரிக்க மாட்டேன். எனக்கு இத விட நல்ல படம் இனிமே வராது. நெஜமா போற அன்னிக்கு இதத்தான் வெக்கணும்னு ஜியாங்கிட்ட சொல்லப்போறேன்."

"தூ, தூ, என்ன பேச்சு!" என்று பெரியவர் தரையில் துப்பினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஜுவான், அன்னிக்கும் மேக்கப் நீதான். ஒரு கோட்ட மறைச்சேன்னு வெச்சுக்கோ, எந்திரிச்சு வந்து அறைவேன்."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பன்னிரண்டு வருஷத்து நட்பு மொத்தமாக நெஞ்சில் ஏறிக்கொண்டது. கண் நிறைந்தது, உதடு நடுங்கியது. என் நெற்றி மட்டும் அசையவே இல்லை.

யின்மெய் ரொட்டியைக் கடித்தபடி என் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஏண்டி, அழறியா? இல்ல, ரொட்டி காரமா?"